உதிரியாக விற்கும் வரை: இளையோர் புகைப்பழக்கமும் அரசின் கட்டுப்பாடும்

இளைஞர்கள் புகைபிடிக்கத் தொடங்குவதைத் தடுப்பதற்காக அரசு புகையிலை விற்பனையில் தலையிடுவது முறையா, அது தனிமனித விருப்பத்தில் கைவைப்பதாகாதா, கெடுபிடி கூடினால் கள்ளச்சந்தைதானே வளரும், பள்ளிகளில் விழிப்புணர்வு ஊட்டினாலே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கும் நியாயமான கேள்விகள்தாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தலையிடத்தான் வேண்டும். ஆனால் இந்தியாவில் இதுவரை நடந்த தலையீடு பெரும்பாலும் பாக்கெட்டைக் குறிவைத்தே நடந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோ பாக்கெட்டாக வாங்குவது அரிது, ஒன்றிரண்டாக உதிரியில் வாங்குகிறார்கள். இந்த இடைவெளியை அடைக்காமல் அபராதத்தையும் வயது வரம்பையும் எவ்வளவு உயர்த்தினாலும் கிடைக்கும் பயன் சொற்பமாகவே இருக்கும்.

தனிமனித உரிமை என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். வளர்ந்த ஒருவர் தீமையை அறிந்தே ஒரு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டால், பிறர் மூச்சில் அந்தப் புகை கலக்காத வரை, அவரை அதட்டும் அதிகாரம் அரசுக்கு இருக்கக் கூடாது என்று சொல்பவர்களிடம் ஒரு நேர்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், புகையிலையில் அந்தத் தேர்வு வளர்ந்தவரால் செய்யப்படுவது அபூர்வம். நாள்தோறும் புகைபிடிக்கும் அமெரிக்கப் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள்ளேயே முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கைகள் சொல்கின்றன. இந்தியாவில் 2019இல் பள்ளிகளில் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோவொரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வயது மாணவர்களுள் சிகரெட் பிடித்தவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரும் பத்து வயது நிரம்பும் முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள். நம் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அவர் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்க முடியாது, வாக்களிக்க முடியாது. நான்காம் வகுப்புப் பிள்ளை செய்ததாகச் சொல்லப்படும் ஒரு தேர்வை மட்டும் உரிமை என்ற பெயரால் காப்பாற்றுவது எப்படிப் பொருந்தும்? வளரும் மூளையில் நிகோட்டின் பதியும் விதம் வேறு. சிறு வயதில் பிடித்துக்கொண்ட பழக்கத்தை முப்பது வயதில் விட முயல்பவர்களில் பெரும்பாலோர் பலமுறை தோற்றுத்தான் மீள்கிறார்கள். ஆகவே சிறுவரிடமிருந்து சிகரெட்டைத் தள்ளிவைப்பதுதான் பின்னாளில் அவருக்கு உண்மையான விருப்பம் என்ற ஒன்று மிஞ்சுவதற்கு வழி.

இது நிறுவனங்களுக்குத் தெரியாததும் அல்ல. அமெரிக்க வழக்குகளில் வெளிவந்த நிறுவன உள் ஆவணங்களில், 1981இல் பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் குறிப்பு, இன்றைய பதின்வயதினரே நாளைய நிலையான வாடிக்கையாளராகக் கூடியவர் என்றும், புகைபிடிப்போரில் மிகப் பெரும்பாலோர் பதின்வயதிலேயே தொடங்குகிறார்கள் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. வயது முதிர்ந்த வாடிக்கையாளர்கள் இறந்தோ கைவிட்டோ குறையும்போது அந்த இடத்தை நிரப்ப இளையோர் வராவிட்டால் இந்த வணிகம் நீடிக்காது. நிறுவனங்களின் லாபத்துக்கும் இளையோரின் நலனுக்கும் இடையிலுள்ள இந்த அடிப்படை முரணைச் சந்தையே தீர்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். 1975இல் சிகரெட் பெட்டியில் எழுத்து எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது. பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலும், நாடு முழுவதற்குமாக உச்ச நீதிமன்றம் 2001இலும் தடுத்தன. 2003இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த கோட்பா எனப்படும் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம்தான் இன்றைய அடிப்படை. அதன் 5ஆம் பிரிவு விளம்பரத்தைத் தடுக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் வில்ஸ் என்ற சிகரெட்டின் முத்திரை இருந்த, உலகக் கோப்பைக்கே அந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்த 1990களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை புரியும். 6ஆம் பிரிவு இரண்டு காரியங்களைச் செய்கிறது: 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்கும் விற்கக் கூடாது. வாங்குபவர் சிறுவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் இரு பக்கங்களிலும் 85 விழுக்காடு பரப்பை எச்சரிக்கைப் படம் மறைக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்த விதியை ரத்துசெய்தபோது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்து 85 விழுக்காட்டைக் காப்பாற்றியது. ஏட்டளவில் பார்த்தால் இது உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்று.

இப்போது பள்ளி விடும் நேரத்தில் பக்கத்துச் சந்திலுள்ள ஒரு பெட்டிக்கடை முன்பு கால்மணி நேரம் நின்று பாருங்கள். முன்வரிசையில் தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் நிறைந்த பாட்டில்கள், மேலே சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்பு, பாக்குப் பொட்டலங்கள், கடைக்காரரின் கைக்கெட்டும் உயரத்தில் வாய் திறந்த நிலையில் ஒரு சிகரெட் பாக்கெட், தூணில் நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர். சீருடைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்த பையன் சில்லறையை நீட்டுகிறான். கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுக்கிறார். வீட்டில் வாடை தெரியாமலிருக்க அதே கடையில் ஒரு புதினா மிட்டாயும் வாங்கிக்கொள்கிறான். பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. அதன் 85 விழுக்காட்டில் அச்சிட்ட புற்றுநோய்ப் படம் அந்தப் பையனின் கண்ணில் படவே இல்லை.

இந்தச் சிறு பரிமாற்றத்தில் சட்டத்தின் மூன்று கருவிகளும் ஒருசேரச் செயலிழந்து போவதைக் கவனியுங்கள். எச்சரிக்கைப் படம் பாக்கெட்டோடு நின்றுவிடுகிறது. வரி உயர்வு பத்துக்கோ இருபதுக்கோ மொத்தமாகக் காசு கொடுப்பவரைத்தான் அழுத்தும். ஒன்றை மட்டும் வாங்குபவருக்கு அது ஓரிரு ரூபாய் வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. வயதுச் சோதனையோ, நொடியில் முடியும் இவ்வளவு சிறிய விற்பனையில் நடக்க வாய்ப்பே இல்லை. புகைப்பழக்கத்தின் முதல் படி ஒரு பாக்கெட் அல்ல, ஒரே ஒரு சிகரெட் என்பதால், தொடங்குவதற்கான செலவை இவ்வளவு தாழ்வாக வைத்துக்கொண்டு தொடங்காதே என்று சொல்வதில் பொருளில்லை.

உதிரி விற்பனையைத் தடைசெய்தால், பாக்கெட்டாக வாங்க நேர்பவர் முன்னைவிடக் கூடுதலாகப் பிடிப்பார் என்ற எதிர்வாதம் உண்டு. நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் சில பெரியவர்கள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைச்செலவுக்கு வீட்டில் கொடுக்கும் காசில் வாழும் பதினான்கு வயதுப் பையனுக்கு முழுப் பாக்கெட்டின் விலை ஒரு மதில், அதை ஒளித்துவைப்பது இன்னொரு மதில். மகாராஷ்டிரம் 2020இல் உதிரி சிகரெட், பீடி விற்பனையைத் தடைசெய்தது. கர்நாடகம் வயது வரம்பை 21 ஆக உயர்த்தி, உதிரி விற்பனையைத் தடுத்து, அபராதத்தை 1,000 ரூபாயாக்கிய தன் திருத்தச் சட்டத்துக்கு 2025இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நடுவண் அரசு இதே கருத்துகளோடு 2020 இறுதியில் வெளியிட்ட வரைவுத் திருத்தம் சட்டமாகவில்லை. ஹூக்கா கூடங்களைத் தடைசெய்யத் தனித் திருத்தம் கொண்டுவந்த தமிழ்நாடு, உதிரி விற்பனையிலும் அதே அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வரியைப் பற்றிப் பேசும்போது பீடியை விட்டுவிட முடியாது. விலையை 10 விழுக்காடு உயர்த்தினால் நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலை நுகர்வு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கையில் காசு குறைவாக உள்ள இளையோரிடம் இந்த விளைவு இன்னும் கூடுதல். அதனால்தான் சில்லறை விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரியாக இருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. இந்தியாவில் 2016-17 கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும், 7.7 விழுக்காட்டினர் பீடியும் பிடிக்கிறார்கள். இருந்தும் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு ஜிஎஸ்டியோடு கூடுதலாக விதிக்கப்பட்ட இழப்பீட்டு வரி பீடிக்கு விதிக்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அதன் வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது. சிகரெட்டுக்கு வரியைக் கூட்டிப் பீடிக்குக் குறைத்தால், காசில்லாத பையன் சிகரெட்டிலிருந்து பீடிக்குத் தாவுவானே தவிர விட்டுவிட மாட்டான். சிகரெட்டிலும் வரி நீளத்தைப் பொறுத்தே விதிக்கப்படுவதால், 65 மில்லிமீட்டருக்கும் குறைவான குட்டி சிகரெட்டுகள் குறைந்த வரிப்படியில் நுழைந்து மலிவு விலையில் கடைக்கு வந்துவிடுகின்றன.

பீடிக்குச் சலுகை ஏன் என்று கேட்டால் தொழிலாளர்களைக் காட்டுகிறார்கள். திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களிலும் வேலூர், குடியாத்தம் பகுதிகளிலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, வடநாட்டிலிருந்து வரும் தெண்டு இலையை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கழுத்தும் முதுகும் நோக, புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி அவர்கள் செய்யும் வேலைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அவர்களுடைய பிழைப்பு பொய்யான கவலை அல்ல. ஆனால் வரிச் சலுகையின் பயன் கட்டு போடும் முதலாளியிடம் தங்குகிறதே ஒழிய, சுருட்டும் கைக்கு வந்து சேர்வதில்லை. பீடிக்கு உரிய வரியை விதித்து, அந்தப் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கும் ஓய்வூதியத்துக்கும் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று சட்டத்திலேயே ஒதுக்கிவைத்தால் இரு தரப்புக்கும் நியாயம் செய்தது ஆகும்.

கள்ளச்சந்தை பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். முழுத்தடைக்கு அது சரியாகவே பொருந்துகிறது. பூடான் 2004இல் புகையிலை விற்பனையையே தடைசெய்தது. எல்லை தாண்டி இந்தியாவிலிருந்து கடத்தல் நடந்தது. சில டாலர் மதிப்புள்ள மெல்லும் புகையிலையை வைத்திருந்ததற்காக 2011இல் ஓர் இளம் துறவிக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முடிவில் 2021இல் அந்நாடு தடையைக் கைவிட்டது. நம்மிடமே குட்கா இருக்கிறது. உணவுப் பொருளில் புகையிலையும் நிகோட்டினும் கலக்கக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதிமுறையை வைத்துத் தமிழ்நாடு 2013இல் குட்காவைத் தடைசெய்து, ஆண்டுதோறும் அந்த ஆணையை நீட்டித்துவருகிறது. அந்த ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்துசெய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை நடப்பில் இருந்தபோதே குட்கா விற்பனையைக் கண்டுகொள்ளாமலிருக்க லஞ்சம் கைமாறியதாக எழுந்த குற்றச்சாட்டு, 2018இல் சிபிஐ விசாரணை வரை போயிற்று. பள்ளி மாணவர்கள் உதட்டுக்குள் அடக்கிவைக்கும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும் தாராளமாகக் கிடைப்பதை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கவலையோடு எடுத்துப் பேசியது. இ-சிகரெட்டை 2019இல் நாடு முழுவதும் தடைசெய்த சட்டத்துக்குப் பிறகும் நகரங்களில் அது ரகசியமாகக் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் முழுத்தடை வேறு, ஒழுங்குமுறை வேறு. விற்பனை சட்டப்படி நடக்கலாம், ஆனால் இன்னார்தான் விற்கலாம், இன்ன இடத்தில் விற்கக் கூடாது, இன்ன வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, பிரிக்காத பாக்கெட்டாகவே கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை. வளர்ந்தவருக்குக் கடையில் முறையாகக் கிடைக்கும்போது அவர் கடத்தல்காரரைத் தேடிப் போகத் தேவையில்லை. வரியை மிக வேகமாக உயர்த்திவிட்டுக் கண்காணிப்பைப் பெருக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா எச்சரிக்கையாக நிற்கிறது. அங்கே கள்ள சிகரெட் கும்பல்களின் போட்டியில் புகையிலைக் கடைகள் தீவைக்கப்படும் அளவுக்குப் போயிருக்கிறது. வரியும் கண்காணிப்பும் சேர்ந்தே உயர வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

விழிப்புணர்வு மட்டும் போதாதா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல விடை தருகிறது. 1990களின் இறுதியில் பிலிப் மோரிஸ் நிறுவனமே சிந்தித்துப் பார், புகைக்காதே என்ற பொருளில் இளையோருக்கான விளம்பரங்களை வெளியிட்டது. அதே காலத்தில், புகையிலை நிறுவனங்களிடமிருந்து மாநிலங்கள் பெற்ற 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைப் பணத்தில் உருவான ஓர் அறக்கட்டளை, நிறுவனங்கள் மறைத்த உண்மைகளை அம்பலப்படுத்தும் விளம்பரங்களை நடத்தியது. பின்னதைப் பார்த்த இளையோரிடம் புகைக்கும் எண்ணம் குறைந்தது. நிறுவனத்தின் அறிவுரையோ பலனளிக்கவில்லை, சிலரிடம் எதிர்விளைவைக்கூட உண்டாக்கியது என்று ஆய்வுகள் கண்டன. புகைபிடித்தால் கெடுதல் என்பது நம் மாணவர்களுக்கும் தெரிந்த செய்திதான். உன்னை வாடிக்கையாளனாக்கத் திட்டமிட்டு வேலை நடக்கிறது என்பதைச் சொல்லும் பாடமே அவர்களைத் தொடும். அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வெளியே வரும் மாணவனுக்கு எதிரில் அதே பெட்டிக்கடை திறந்திருந்தால், பாடம் பாதி வலுவை இழந்துவிடும்.

வயது வரம்பை 21 ஆக்குவது பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பவன் பெரும்பாலும் பதினெட்டு வயது அண்ணனோ அதே பள்ளியின் மூத்த மாணவனோதான். வரம்பை உயர்த்தினால் அந்தச் சங்கிலி அறுபடுகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நீடம் நகரம் 2005இல் 21 ஆக்கியபோது, 2010க்குள் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் புகைப்பழக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. சுற்றியிருந்த ஊர்களில் இவ்வளவு குறையவில்லை. 2019இல் அந்த நாடே 21ஐ ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதலே வரம்பு 21தான். ஆனால் நீடத்தில் விற்பனைக்கு உரிமம் தேவை, கண்காணிப்பு இருந்தது. 18ஐயே கேட்டறியாத கடையில் 21ஐ எழுதி ஒட்டுவதால் மட்டும் எதுவும் மாறாது.

அரசின் நோக்கத்தையே சிலர் சந்தேகிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கிய அதே 1975இல்தான் புகையிலைச் சாகுபடியையும் ஏற்றுமதியையும் வளர்க்கப் புகையிலை வாரியச் சட்டமும் இயற்றப்பட்டது. குண்டூரிலிருந்து அந்த வாரியம் இன்றும் இயங்குகிறது. அரசுக் காப்பீட்டு நிறுவனமான எல்ஐசி, சிகரெட் தயாரிக்கும் ஐடிசி நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று. வரி வருவாயும் கொழுத்தது. ஆனால் புகையிலையால் நேரும் நோயும் இறப்பும் 2017-18இல் நாட்டுக்கு ஏற்படுத்திய இழப்பு சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. புகையிலையிலிருந்து கிடைக்கும் வரி அதன் அருகில்கூட வராது. அரசு தன் பங்குகளை விற்றுவிட்டு இந்த முரணிலிருந்து வெளியேற வேண்டும் என்று கோருவதுதான் சரி. அதுவரை சட்டமே வேண்டாம் என்று சொன்னால் இழப்பு பிள்ளைகளுக்கே.

ஆக, என் பார்வையில் உடனடித் தேவை உரிமமுறை. புகையிலை விற்கும் கடைக்கு உள்ளாட்சி அமைப்பு தனி உரிமம் தர வேண்டும் என்றும், அங்கே மிட்டாய், பிஸ்கட் போன்றவற்றை விற்க அனுமதிக்கக் கூடாது என்றும் நடுவண் சுகாதார அமைச்சகம் 2017இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. இப்போதுள்ள தண்டனைகளைப் பாருங்கள். கோட்பாவின்படி சிறுவருக்கு விற்றவருக்கு அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். முன்னது யாரையும் அச்சுறுத்தாது. பின்னதை ஒரு பெட்டிக்கடைக்காரர் மீது பாய்ச்ச எந்த அதிகாரிக்கும் எளிதில் மனம் வராது. இரண்டுக்கும் நடுவே, முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை ஒரு மாதம் விற்பனை நிறுத்தம், மூன்றாம் முறை உரிமம் ரத்து என்ற அளவான, உறுதியாக நடக்கக்கூடிய தண்டனைதான் இல்லாமலிருக்கிறது. உரிமம் பெருநிறுவனக் கடைகளுக்குச் சாதகமாகி ஏழை வியாபாரியை ஒழித்துவிடும் என்ற அச்சத்தைப் போக்கக் கட்டணத்தைக் குறைவாக வைக்கலாம்.

பிடிபடும் மாணவனைத் தண்டிப்பதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்க மாநிலங்கள் சில, சிகரெட் வைத்திருந்த சிறுவருக்கே அபராதம் விதித்துப் பார்த்தன. அது பொறுப்பை விற்றவரிடமிருந்து வாங்கிய பிள்ளையின் தலைக்கு மாற்றியது. கோட்பா அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆனால் நம் பள்ளிகள் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் வழியில் அதைச் செய்துவிடுகின்றன. பள்ளி நிர்வாகம் செய்யக்கூடியது வேறு: சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து 100 கஜத்தை அளந்து, அதற்குள் விற்கும் கடைகளின் பட்டியலைக் காவல் நிலையத்துக்கும் மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் எழுத்து மூலம் கொடுக்கலாம், பெற்றோர் சங்கமும் கையெழுத்திட்டால் அது எளிதில் கிடப்பில் போகாது. ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்துவிட்ட மாணவனுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அந்த எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிடப்பட்டிருக்கிறது; உதிரியாக வாங்குபவன் அதைப் பார்த்திருக்க மாட்டான் என்பதால், வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.